பவானிப்பூரில் ஒரு பசிபிக் தீவு

பசிபிக் சமுத்திரத்துத் தீவு ஒன்றைக் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டே ஆண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பவானிப்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் குடியிருந்தார். அவரைப் பற்றி எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அவர்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. எழுதினாலாவது தீருமா என்று பார்க்கிறேன்.

அந்தத் தீவுக்குப் பெயர் பிட்கேர்ன். பூகோளப் படத்தை எடுத்துத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். நீலமாக இருக்கும் இடத்தில் ஒரு ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி ஒரு புள்ளி தெரியும். பல படங்களில் அதுவும் தெரியாது. அந்தப் புள்ளிக்குள்தான் எங்கள் தீவு மாமா காலையில் எழுந்து, பல் தேய்த்து, ஸ்நானம் செய்து, ஆபீசுக்குக் கிளம்பும்வரை வாழ்ந்தார். ஆபீசிலிருந்து திரும்பியதும் மறுபடியும் அங்கேயே போய்விடுவார்.

ஸ்டிராண்டு ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் அவருக்கு நகல் எடுக்கும் உத்தியோகம். யாரோ ஒரு காப்டன் போகிற வழியில் அந்தத் தீவில் தங்கி, தான் பார்த்ததையெல்லாம் ஒரு நீளமான அறிக்கையாக எழுதியிருந்தான். அதை நகல் எடுக்கும் வேலை இவரிடம் வந்தது. முதல் நகலில் மசி கொட்டிவிட்டது. இரண்டாவது நகலில் துரை தேநீரைக் கொட்டினார். மூன்றாவது நகல் முடிந்தபோது அந்த மனிதருக்குச் சொந்த ஊரான கும்பகோணம் மறந்துபோய்த் தீவு மனப்பாடம் ஆகிவிட்டது. மனைவி காலமாகி, பிள்ளை குட்டி இல்லாமல் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். குடியேற ஓர் இடம் கிடைத்ததும் போய்விட்டார்.

இவ்வளவு பெரிய கடல் சமர்த்தருக்கு ஹூக்ளி நதியைப் படகில் தாண்டப் பயம். ஹவுராவுக்கு யாரையாவது ரயிலேற்றப் போனால் மிதவைப் பாலம் வழியாகத்தான் போவார். கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்துவிட்டால் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு, பிட்கேர்னில் துறைமுகம் கிடையாது, பாறைக்கும் அலைக்கும் நடுவே நீளப் படகைச் செலுத்திக்கொண்டு போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று விவரிப்பார். பாலத்தை மூடிய பிறகும் நாலு பேர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ரயிலேற வேண்டியவரும் அவர்களில் ஒருவர்.

இங்கேதான் என் வயிறு எரிய ஆரம்பித்தது. நான் ரங்கூனுக்கு நிஜமாகவே கப்பலில் போய்விட்டு வந்தவன். நிஜமான கடல், நிஜமான அலை. திரும்பி வந்து வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், யாராவது கேட்பார்கள் என்று. ஒருவரும் கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். போகும்போது முழுக்க வாந்தி, வரும்போது முழுக்க வாந்தி என்பதைத் தவிர எனக்குச் சொல்ல அதிகம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் தீவு மாமா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். என் மனைவி விசாலம் உட்பட எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"மாமா, அந்த ஊர்ல பொம்மனாட்டிகளும் ஓட்டுப் போடறான்னு அன்னிக்குச் சொன்னேளே, நெஜமாவா?" என்று கேட்டாள் விசாலம்.

"நெஜமாவாவா? விலாயத்துல இன்னும் பொம்மனாட்டிகளுக்கு ஓட்டுக் கிடையாது. இந்தப் புள்ளித் தீவுல எங்க பாட்டி காலத்துலேர்ந்து இருக்கு! வருஷத்துக்கு ஒரு நாள், ஆம்பளை பொம்மனாட்டி அத்தனை பேரும் சேர்ந்து ஒரு தலைமை மாஜிஸ்திரேட்டைத் தேர்ந்தெடுப்பா. போலீஸ் கிடையாது, கோர்ட்டு கிடையாது. மேலே பார்த்துக்கறதுக்கு ஒரு பெரிய துரை இருக்கார். ஆனா அவர் இருக்கிறது பீஜியில. எந்தக் கப்பலாவது அந்தப் பக்கம் போனாத்தான் அவர் கடுதாசி போய்ச் சேரும். அதுக்குள்ள சண்டை போட்டவா சம்பந்தியாயிருப்பா!"

விசாலம் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் சொன்னவற்றில் சிரிக்கத்தக்கவையும் சில இருந்தன.

அவருடைய தீவு ஜனங்களின் சரித்திரமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். இங்கிலீஷ்காரக் கப்பல் ஒன்றில் மாலுமிகள் காப்டனை எதிர்த்துக் கலகம் செய்து, தாஹித்தி என்ற இன்னொரு தீவின் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஒளிந்துகொண்டார்கள். அகப்படாமல் இருக்கக் கப்பலையே கொளுத்திவிட்டார்கள். அவர்கள் பேரன் பேத்திகள்தான் ஊர் முழுக்க. இங்கிலீஷையும் தாஹித்திப் பாஷையையும் கலந்து ஒன்று பேசுவார்களாம். "நம்ம குழந்தைகள் 'அம்மா, ஜல் தா'ங்கறதே, அதே மாதிரிதான்" என்பார் மாமா. எங்கள் வீட்டுக் குழந்தைகளின் வங்காளித் தமிழைத் திருத்த நான் கையில் பிரம்போடு அலைந்துகொண்டிருந்த காலம் அது.

சரி, அந்தத் தீவு பூகோளத்தில் இருந்தவரையில் நானும் பொறுத்துக்கொண்டேன். அது எங்கள் முற்றத்துக் குழாய்க்கு வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு தமிழ்க் குடித்தனம். சொந்தக்கார வங்காளி பாபு முன்கட்டில் இருந்தார். ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதற்குள் அத்தனை குடமும் நிரம்பியாக வேண்டும். அந்தக் குழாய்க்கு ஐந்து வருஷமாக நான்தான் சர்க்கார். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு மாமிகள் ஒரே குடத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபோது நடுவில் போனேன். பிறகு வெளியே வரவே இல்லை. விடிவதற்கு முன் எழுந்து, குழாயடியில் நின்று, இன்னாருக்குப் பின் இன்னார் என்று கையைக் காட்டுவேன். ஆபீசில் நான் கையைக் காட்டி ஓர் ஈ கூட நகர்ந்தது கிடையாது. இந்தக் குழாய்தான் எனக்கு ஜில்லா, நான்தான் அதற்குக் கலெக்டர். முதல் குடம் எப்போதும் விசாலத்தினுடையது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது மாடியில் இருந்த பாலக்காட்டு மாமிக்கு எப்போதும் கடைசிக் குடம்தான். மூன்று மாடி இறங்கி வருவதற்குள் வரிசை முடிந்துவிடும். ஒரு நாள் அந்த மாமி வெறும் குடத்தோடு நின்று, "எனக்கு இன்னிக்கும் சொட்டுச் சொட்டாத்தான் வந்தது, கேட்டேளா?" என்று பொதுவில் புலம்பினாள். பல்லைத் தேய்த்துக்கொண்டே தீவு மாமா அறையிலிருந்து வெளியே வந்தார்.

"பிட்கேர்ன்ல ஆறு கிடையாது. மழை பெஞ்சாத்தான் தண்ணி. ஆனா தண்ணிக்கோ மீனுக்கோ அங்கே சண்டையே வராது. ஏன் தெரியுமோ?"

"ஏன் மாமா?" என்று ஆறு குடித்தனமும் சேர்ந்து கேட்டது. என்னைத் தவிர.

"கப்பல்லேர்ந்து சாமான் வந்தா குடும்பத்துக்கு ஒண்ணா கூறு போட்டு வைப்பா. ஒருத்தர் முதுகைக் காட்டிண்டு நிப்பார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, 'இது யாருக்கு?'ன்னு கேப்பார். திரும்பிப் பாக்காம ஒரு பேரைச் சொல்லணும். யாருக்கு எது வருதோ அதுதான். ஒருத்தர் மேலே ஒருத்தர் கோபிக்க முடியாது பாருங்கோ!"

அவ்வளவுதான். அன்றைக்கே பாலக்காட்டு மாமியை முதுகைத் திருப்பி நிற்கவைத்துவிட்டார். மாமா குழாயைத் தொடுவார். "முதல் முறை யாருக்கு?" என்பார். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு, "மூலை ஆத்துக்கு!" என்பாள். அடுத்த குடம். "நடு ஆத்துக்கு!" சுவாமி புறப்பாட்டுக்குக் கூடுகிற மாதிரி கூட்டம் கூடிவிட்டது. அன்றைக்கு விசாலத்தின் குடம் கடைசியில் வந்தது. கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "நாளைக்கு நான் முதுகைத் திருப்பிண்டு நிக்கறேன் மாமா!" என்று குதித்தாள். நான் குழாயடியில் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. மெதுவாக மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பொறாமை கண்ணை மறைக்க, வரிசை ஆரம்பிப்பதற்கு முன்பே எங்கள் குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். குழாய்க்கும் துளசிச் செடிக்கும் நடுவே பாசி பிடித்த கல் ஒன்று உண்டு. ஐந்து வருஷமாக எல்லோரையும் அதை மிதிக்க வேண்டாம் என்று எச்சரித்தவன் நான். குடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆறு குடித்தனமும் பார்த்தது.

தீவு மாமாதான் ஓடி வந்து தூக்கினார். தூக்கியவர் தூக்கியதோடு விட்டிருக்கலாம். "அடி பட்டுதா?" என்று கேட்டுவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக, "பிட்கேர்ன்ல இப்படித்தான் இடத்துக்குப் பேரு வைப்பா! எவன் எந்தப் பாறையிலேர்ந்து விழுந்தானோ அந்தப் பாறைக்கு அவன் பேரு!" என்றார். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு படம் வரைந்துவிட்டார். கடலுக்குப் பதில் சுற்றிலும் பவானிப்பூர். உள்ளே 'பாபு இருமும் மூலை', 'பால்காரன் கோபித்த படி', நட்டநடுவில் கொட்டை எழுத்தில் 'சாமிநாதன் விழுந்த இடம்'. அதைக் கதவில் ஒட்டினார். குழந்தைகள் ஒரே நாளில் பாடம் பண்ணிவிட்டன. "எங்கேடா விளையாடறே?" என்று தாயார் மாடியிலிருந்து கேட்டால், "சாமிநாதன் விழுந்த இடத்திலே!" என்று பதில் வரும். தபால்காரன்கூட ஒரு நாள் அடையாளம் கேட்டுக்கொண்டு சரியாக அங்கே வந்து நின்றான். கேலி செய்கிறார் என்று சண்டை போடலாமென்றால் அந்த மனிதர் கேலியே செய்யவில்லை. எனக்கு ஒரு கௌரவம் செய்துவிட்டதாக நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அடுத்த இடி விழுந்தது. குழாய்க்கு ஒரு தலைமை மாஜிஸ்திரேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாமிகளெல்லாம் தீர்மானித்துவிட்டார்கள். இங்கிலீஷ் வருஷப் பிறப்பு அன்று ஆபீஸ் லீவு; அன்றைக்கே தேர்தல். வீட்டில் பெரியவர்கள் பதின்மூன்று பேர், பதின்மூன்று ஓட்டு. தீவு மாமாவைத்தான் நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷம் விடியுமுன் எழுந்தவனுக்கு அந்தக் குழாயும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார்? விசாலத்துக்குத்தான் நான் யார்? அந்தத் தேர்தலில் எனக்கு அதுதான் கேள்வி.

முன்கட்டு பாபு நடுநிலையானவர், தமிழும் தெரியாது. அவர் காதில் ஒவ்வொருவராகப் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. அங்கேதான் நான் ஒரு ராஜதந்திரம் செய்தேன். கூட்டத்தில் எழுந்து, "பட்டப்பேர் சொன்னா ஓட்டுச் செல்லாது. சொந்தப் பேரைத்தான் சொல்லணும். எதையும் முறையாச் செய்யணும் இல்லையா?" என்றேன்.

தீவு மாமா என்பதைத் தவிர அவருக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது. மாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மேல்துண்டைச் சரி செய்துகொண்டேன்.

"ரொம்ப சரி!" என்று தீவு மாமா எழுந்தார். "அதுதான் முறை." அப்படியே தம் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பட்டப்பெயர் உள்ளவனுக்கும் வாய் உண்டு என்பது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. அவர் அன்று சொன்ன பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் பொறாமைக்கு அவ்வளவாவது மரியாதை வேண்டும்.

தேர்தலன்று காலை பாபு முன்கட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காதை வாசல் பக்கமாக வைத்து உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். பாலக்காட்டு மாமி சொன்னது தெருமுனைவரை கேட்டது. நானும் போய் என் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லும்போது கொஞ்சம் இருமிக்கொண்டேன். விசாலம் உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் சிவந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு மெய் சிலிர்த்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லாத குலத்துப் பெண், எனக்காக இன்று சொல்லிவிட்டாள் அல்லவா!

பாபு முடிவைச் சொன்னார். தீவு மாமாவுக்குப் பதினொன்று. எனக்கு இரண்டு.

ஜில்லா போய்விட்டது. ஆனால் அந்த இரண்டில் ஒன்று நான், இன்னொன்று விசாலம் என்று நினைத்துப் பார்த்தபோது தோற்றவனைப் போலவே எனக்கு இல்லை. மத்தியானம் அவள் சாதம் போடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"விசாலம், என் பேரைச் சொல்ல ரொம்பக் கூச்சமா இருந்துதோ?"

"சிவ சிவா! நான் எதுக்கு உங்க பேரைச் சொல்றேன்?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "சொன்னா உங்க ஆயுசுன்னா கொறையும்? எங்காத்துக்காரர்னு சொல்லிப் பாத்தேன், பாபுவுக்குப் புரியலை. கையைக் காட்டினேன், 'நாம் போலோ, நாம் போலோ'ன்னு பேரையே கேட்டார். நீங்கதானே சொந்தப் பேரைச் சொல்லணும்னு சட்டம் போட்டேள்? அப்பறம் என்ன பண்றது? தீவு மாமா பேரைச் சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்."

நான் போட்ட சட்டம் என் ஓட்டையே சாப்பிட்டுவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அவள் கையைக் காட்டியது எந்தப் பக்கம் என்று கேட்டேன். "உங்க பக்கம்தான்" என்றாள். அதை நம்பி இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அந்த இரண்டாவது ஓட்டு யாருடையது? மறுநாள் முழுவதும் நைச்சியமாக விசாரித்தேன். எனக்கு இரண்டே ஓட்டு விழுந்த அந்த வீட்டில் பத்துப் பேர், "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று கண்ணை மூடிச் சத்தியம் செய்தார்கள். பாலக்காட்டு மாமி, "உங்களுக்கல்லாம வேற யாருக்காக்கும் போடுவேன்?" என்றாள், அவள் என்ன சொன்னாள் என்பது தெருமுனைக்கே தெரியும். எனக்குப் போட்டதாகச் சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி விசாலம். இன்னொருவர் வாயே திறக்காமல் முற்றத்தில் உட்கார்ந்து, நான் விழுந்த கல்லில் இருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பாபுவிடம் ஓடினேன். "அது ரகசியம் மொஷாய்" என்று கொஞ்ச நேரம் பிகு செய்துகொண்டார். பிறகு அவருக்கே தாங்கவில்லை.

"முதலில் வந்தவரே அவர்தான், ஷாமிநாத் பாபு. உங்கள் பெயரைச் சொன்னார். ‘என்ன மொஷாய், நீங்களே நின்றுகொண்டு அவருக்கா?' என்று கேட்டேன். ‘நான் வெறுமனே பேசுகிறவன். இந்த வீட்டுக்காக விடியுமுன் எழுந்திருக்கிறவர் அவர் ஒருவர்தான்' என்றார்" என்று அரை இங்கிலீஷிலும் அரை வங்காளியிலும் சொன்னார் பாபு.

ஐந்து வருஷமாக யாராவது ஒருவர் சொல்லமாட்டாரா என்று நான் காத்திருந்த வார்த்தை அது. விசாலம் சொல்லியிருக்கலாம், பாலக்காட்டு மாமி சொல்லியிருக்கலாம். அவர் சொல்லியிருக்கிறார், அதுவும் என் காதில் விழாத இடத்தில்.

அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், பொய் சொல்லுவானேன். அந்தப் புத்தி அவருக்குத் தோன்றி எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற பொறாமை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று அவர் கடைசிவரை என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன், அவரும் நம்பியிருப்பார். அன்று காலை இன்னொரு தடவை கிடைக்குமானால் பாபுவின் காதில், இருமாமல், அவர் பெயரைச் சொல்லிவிட்டு வருவேன்.